போஸ்ட்-ராக்: எப்போது பாட ஆரம்பிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு

போஸ்ட்-ராக் பாட்டு ஒன்றை யாருக்காவது போட்டுக் காட்டினால், மூன்று நிமிடம் தாண்டுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "எப்போ பாட ஆரம்பிப்பாங்க?" பெரும்பாலும் பாடவே மாட்டார்கள் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ இது ஏதாவது படத்தோட பேக்கிரவுண்ட் மியூசிக்கா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்குக் குரல்தான் பிடிமானம். பல்லவி எங்கே திரும்ப வரும், சரணம் எங்கே தொடங்கும் என்று யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். அந்தப் பிடிமானத்தை உருவிவிட்டால், இருபது நிமிட வாத்திய இசையில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வரலாறும் கொஞ்சம் வரும். ஆனால் எந்த ஆண்டில் எந்தக் குழு என்பதைவிட, இவர்கள் கிடாரை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் கட்சி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிடாருக்கு வேறு வேலை

வழக்கமான ராக் குழுவில் கிடாருக்கு ஒழுங்கான வேலைப் பங்கீடு உண்டு. பாடகர் பாடும்போது பின்னால் கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே வீச்சில், அடிக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு சின்ன மெட்டுத் துண்டை, 'ரிஃப்' என்பார்களே அதை, வாசித்துப் பாட்டை மனதில் பதிய வைக்க வேண்டும். நடுவில் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சோலோ. நாலு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

போஸ்ட்-ராக்கிலும் அதே கிடார், அதே பேஸ், அதே டிரம்ஸ். 1994-இல் லண்டனைச் சேர்ந்த பார்க் சைக்கோசிஸ் என்ற குழு 'ஹெக்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதற்கு 'மோஜோ' பத்திரிகையில் விமர்சனம் எழுதிய சைமன் ரெனால்ட்ஸ் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு மே மாதம் 'தி வயர்' இதழில் இன்னும் விரிவாக எழுதினார். ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டு ராக்குக்குச் சம்பந்தமில்லாத காரியங்களைச் செய்வது, கிடாரிலிருந்து ரிஃப்பை எதிர்பார்க்காமல் ஒலியின் நிறத்தையும் நெசவையும் எதிர்பார்ப்பது என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்தப் பெயர் 1970களிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக அச்சில் வந்ததுதான். ஆனால் ஒட்டிக்கொண்டது 1994-இல். இந்தப் பட்டியலில் சேர்க்கப்படும் குழுக்களில் பலருக்கு இந்தப் பெயர் பிடிக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒலியின் நிறம், நெசவு என்றெல்லாம் சொன்னால் கவிதை மாதிரி இருக்கும். உண்மையில் அது காலடியில் கிடக்கும் பெடல்கள் பற்றிய சமாச்சாரம். கிடாரில் ஒரு கம்பியை மீட்டினால் முதலில் 'டங்' என்று ஓர் அடி விழும். பிறகு ஒலி தேய்ந்து சில வினாடிகளில் அடங்கும். 'இது கிடார்' என்று காதுக்கு அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த முதல் அடிதான். இப்போது வால்யூம் பெடலை மூடி வைத்துக்கொண்டு கம்பியை மீட்டிவிட்டு, மறுகணம் பெடலை மெல்லத் திறந்தால் அடி காணாமல் போய்விடும். ஒலி மட்டும் எங்கிருந்தோ வீங்கி எழும். வயலினா, ஆர்கனா என்று குழப்பமாக இருக்கும். கிடாரின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டாயிற்று.

அடுத்தது டிலே. வாசித்த சுரத்தை, நாம் வைத்த நேரம் கழித்து, சற்றே மங்கலாகத் திரும்ப ஒலிக்கவைக்கும் பெடல் இது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வேகம் இருந்தால் ஒரு தட்டு 500 மில்லி வினாடி. டிலேயை 375 மில்லி வினாடிக்கு வைத்துவிட்டு, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வீதம் சீராக வாசித்துப் பாருங்கள். எதிரொலிகள் சரியாக நம் சுரங்களுக்கு இடையிலுள்ள காலி இடங்களில் வந்து விழும். கை வாசிப்பது இரண்டு, காதில் ஓடுவது நாலு. ஒரே ஆள் வாசிப்பது இரண்டு பேர் பின்னிப் பின்னி வாசிப்பதுபோல் கேட்பதன் ரகசியம் இவ்வளவுதான். இதன் மேல் ரிவெர்ப் சேர்த்தால் பெரிய மண்டபத்தில் நின்று வாசித்த தேக்கம் வந்துவிடும்.

உச்சக்கட்டத்தில் கேட்கும் அந்த நடுங்கும் ஒலி டிரெமலோ பிக்கிங். ஒரே சுரத்தைப் பிக்கால் மேலும் கீழுமாக மின்னல் வேகத்தில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ரிவெர்ப்பும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனும் சேரும்போது தனித்தனி அடிகள் கரைந்து ஒரே கோடாகிவிடும். மூன்று கிடார்கள் மூன்று சுரங்களில் இதைச் செய்தால் எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போக வேண்டும் என்பதுதான் நோக்கமும்.

இன்னும் ஒரு படி போனவர் ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவின் யோன்சி. அவர் மின்சார கிடாரை செல்லோ வில்லால் வாசிப்பார். வயலினில் கம்பிகள் வளைவான பாலத்தின் மேல் இருப்பதால் வில்லைச் சாய்த்து ஒரு கம்பியை மட்டும் தொட முடியும். கிடாரில் கம்பிகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. நடுக் கம்பியைத் தொட்டால் பக்கத்துக் கம்பிகளும் கூடவே முனகும். வாத்தியத்தின் குறை என்று ஒதுக்கியிருக்க வேண்டிய அந்த முனகலே அவர் குழுவின் முத்திரை ஒலி. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜும் 1960களிலேயே வில்லை எடுத்தவர்தான், ஆனால் அவருக்கு அது மேடையில் காட்டும் வித்தைகளில் ஒன்று. யோன்சிக்கு அன்றாட வேலை.

தம்புராவுக்குத் தூரத்துச் சொந்தம்

இந்தப் பழக்கமெல்லாம் 1994-இல் திடீரென்று முளைக்கவில்லை. நியூயார்க்கில் 1960களில் லா மான்டே யங் என்ற இசையமைப்பாளர், ஒரே சுரக் கூட்டத்தை மணிக்கணக்கில் நீட்டி வாசிக்கும் குழு ஒன்றை நடத்தினார். 1950களில் அலி அக்பர் கானின் இசைத்தட்டைக் கேட்ட நாளிலிருந்து தம்புராவின் விடாத ஒலி அவரை விடவில்லை. 1970-இல் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்துக்கே சீடராகச் சேர்ந்தார். யங்கின் 1960களின் குழுவில் வயோலா வாசித்த ஜான் கேல், அந்த நீள் ஒலியை எடுத்துக்கொண்டு போய் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவில் சேர்ந்தார். அந்த வழியில்தான் ஒரே சுரத்தில் நின்று நிதானிக்கும் துணிச்சல் ராக்குக்குள் நுழைந்தது.

ஜெர்மனியில் 1970களில் கேன், நோய்! ஆகிய குழுக்கள் ஒரே தாளத்தைப் பத்து நிமிடம் பிசகாமல் ஓட்டிக் காட்டின. ஜமைக்காவில் கிங் டபி, பதிவான பாட்டிலிருந்து குரலை இழுத்துவிட்டு, டிரம்ஸுக்கு எதிரொலி ஏற்றி, மிக்சிங் மேஜையையே வாத்தியமாக்கினார். பிரையன் ஈனோ விமான நிலையத்துக்காக ஓர் ஆல்பம் செய்தார். இந்த மூன்று திசைகளிலிருந்தும் போஸ்ட்-ராக் தாராளமாகக் கடன் வாங்கியிருக்கிறது. விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும்.

இருட்டு ஸ்டுடியோ

டாக் டாக் குழுவைப் பற்றித்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் இவர்கள் சின்தசைசர் பாப் குழு, ஐரோப்பிய வானொலிகளின் செல்லப் பிள்ளைகள். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. அந்த வெற்றியின் தெம்பில், பாடகர் மார்க் ஹோலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் வடக்கு லண்டனின் வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் ஃபில் பிரவுன். விளக்குகளை அணைத்துவிட்டு, சுவரில் எண்ணெய்த் துளிகளின் நிழல் மிதக்கும் புரொஜெக்டர் ஒன்றை மட்டும் ஓடவிட்டார்கள்.

வந்த கலைஞர்களுக்குச் சுரம் எழுதிய தாள் எதுவும் கிடையாது. இருட்டில் உட்கார்ந்து, ஒலிப்பதிவில் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே தோன்றியதை வாசிக்க வேண்டும். வயலினுக்கு நைஜல் கென்னடி வந்தார், டபுள் பேஸுக்கு டேனி தாம்ப்சன், ஒரு பாட்டுக்குச் செம்ஸ்ஃபோர்ட் தேவாலயப் பாடகர் குழு. வாசித்ததில் பெரும்பகுதியை ஹோலிஸ் தூக்கிப் போட்டார். எஞ்சியவற்றிலிருந்து இங்கே ஒரு டிரம்பெட் மூச்சு, அங்கே ஒரு ஹார்மோனிக்கா கீறல் என்று பொறுக்கி அடுக்கினார்.

1988-இல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தின் முதல் பாட்டு, கேட்பவர் வால்யூமைச் சரிபார்க்கும் அளவுக்கு மெல்லிய ஒலிகளோடு தொடங்குகிறது. சில நிமிடங்கள் கழித்துத்தான் ஹோலிஸின் குரல் வரும், அதுவும் முணுமுணுப்பாக. முதல் மூன்று பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடும். பிரிட்டன் பட்டியலில் 19-ஆம் இடம் வரை போனது, மோசமில்லை. ஆனால் வானொலியில் போடத்தக்க பாட்டு ஒன்றும் இல்லாத இந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்துக்குப் புரியவில்லை. ஒப்பந்தத் தகராறு நீதிமன்றம் வரை போய், குழு நிறுவனத்தை விட்டு வெளியேறியது. 1991-இல் வேறு நிறுவனத்தில் 'லாஃபிங் ஸ்டாக்' வெளியானது, அதோடு குழு முடிந்தது. ஹோலிஸ் 1998-இல் தன் பெயரில் ஓர் ஆல்பம் போட்டுவிட்டு இசையுலகிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 2019-இல் காலமானார்.

'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 'லாஃபிங் ஸ்டாக்' இரண்டிலும் பாட்டு உண்டு, வரிகள் உண்டு. போஸ்ட்-ராக் என்றால் குரலே கூடாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே குரல் அரியணையை விட்டு இறங்கி, மற்ற வாத்தியங்களோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது.

கென்டக்கியின் நாலு பையன்கள்

'லாஃபிங் ஸ்டாக்' வந்த அதே 1991-இல், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரிலிருந்து ஸ்லின்ட் என்ற குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' வந்தது. நாலு பேருக்கும் கல்லூரி வயது. ஆறே பாட்டுகள். டாக் டாக்கின் செலவும் கிடையாது, ஆடம்பரமும் கிடையாது. சில நாட்களில் பதிவு முடிந்தது. அட்டையில், பழைய குவாரித் தண்ணீரில் நாலு தலைகள் மட்டும் மிதக்கும் கறுப்பு வெள்ளைப் படம்.

இதில் பாடுவதற்குப் பதில் பெரும்பாலும் பேசுகிறார்கள். பக்கத்து அறையில் யாரோ எதையோ தாழ்ந்த குரலில் சொல்வதுபோல் இருக்கும். கிடார்கள் ஒன்றோடொன்று பொருந்தாத கணக்கில் சுற்றிவரும். எதிர்பாராத இடத்தில் மொத்தக் குழுவும் இடிபோல் இறங்கும், மறுபடி அமைதி. கடைசிப் பாட்டில், கப்பல் உடைந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் மாலுமியின் கதை வருகிறது. நெடுநேரம் காக்கவைத்துக் கடைசியில் வரும் அலறல், இன்று கேட்டாலும் முதுகுத்தண்டில் ஏறும். ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே குழு கலைந்துவிட்டதால் விளம்பரக் கச்சேரிகள் இல்லை, பெரிய விற்பனையும் இல்லை. வாங்கிய கொஞ்சம் பேரில் பலர் பிறகு குழு தொடங்கினார்கள்.

ஸ்லின்டின் கிடார் கலைஞர் டேவிட் பாஜோவே பின்னால் சிகாகோவின் டார்ட்டஸ் குழுவில் சேர்ந்தார். டார்ட்டஸ் வேறு ஜாதி. இரண்டு பேஸ் கிடார், வைப்ரஃபோன், மரிம்பா. ஜாஸும், கிங் டபி வழியில் வந்த 'டப்' இசையும் கலந்த நடை. 1996-இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 'ஜெட்' என்ற சுமார் 21 நிமிடப் பாட்டோடு தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதி தாண்டி ஓரிடத்தில் ஒலிநாடா சிக்கிக்கொண்டதுபோல் எல்லாம் பிசிறடிக்கும். நம் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். வேண்டுமென்றே வெட்டி ஒட்டியது அது. இந்தப் பாட்டில் ஆவேசமும் இல்லை, உச்சக்கட்டமும் இல்லை. சோகமாக வானத்தைப் பார்த்து வாசித்தால்தான் போஸ்ட்-ராக் என்று நம்புகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் மருந்து இது.

ஒரு பாட்டைக் கூட இருந்து கேட்போம்

இன்று இந்தப் பெயரைச் சொன்னதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வரும் ஒலி, கனடாவின் மான்ட்ரியல் நகரில் 1994-இல் தொடங்கிய காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழுவினுடையது. பெயரே ஒரு ஜப்பானிய மோட்டார் சைக்கிள் கும்பலைப் பற்றிய 1976-ஆம் ஆண்டு ஆவணப்படத்திலிருந்து எடுத்தது. மேடையில் ஏறக்குறைய ஒன்பது பேர். மூன்று கிடார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், வயலின், செல்லோ. பின்னால் திரையில் 16 மி.மீ. படச்சுருள்கள் ஓடும். முன்னால் நின்று பேச ஆள் கிடையாது. பாதிப் பேர் உட்கார்ந்தே வாசிப்பார்கள்.

இவர்களின் 2000-ஆம் ஆண்டு இரட்டை ஆல்பம் சுமார் 87 நிமிடம், மொத்தம் நாலே பாட்டு. முதலாவது 'ஸ்டார்ம்', இருபத்திரண்டரை நிமிடம். போட்டுக்கொண்டே படிக்கலாம்.

தொடக்கத்தில் ஒரு கிடார் எளிமையான சில சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறது. தந்தி வாத்தியங்கள் அதன் கீழே மெல்லப் படிகின்றன. பிறகு பித்தளை வாத்தியம் ஒன்று நிமிர்ந்த ஒரு மெட்டை எடுக்கிறது, ஊர்வலத்தில் கொடி பிடித்து வருகிறவர் நடைபோல. டிரம்ஸ் உடனே வந்து கைகொடுக்காது. தூரத்தில் உருண்டுகொண்டே இருந்துவிட்டு, நீங்கள் எதிர்பார்ப்பதை நிறுத்திய நேரத்தில் உள்ளே நுழையும். மெட்டு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சுரங்கள்தான். மாறுவது எத்தனை பேர் வாசிக்கிறார்கள், எவ்வளவு பலமாக வாசிக்கிறார்கள், எந்தச் சுருதியில் எத்தனை அடுக்கு ஏறுகிறது என்பது மட்டும்.

ஆறு நிமிடத்துக்குச் சற்றுப் பிறகு பாட்டு வேறு அறைக்குள் போகிறது. மறுபடி கீழிருந்து ஏற்றம், இம்முறை பதினோரு நிமிடத்துக்கு. கொண்டாட்டம் கறுத்து, வேகம் பிடித்து, கடைசியில் சரிகிறது. பதினேழரை நிமிடம் தாண்டியதும் கிடாரெல்லாம் ஓய்ந்து ஓர் அறிவிப்புக் குரல் கேட்கும். அமெரிக்கப் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒலிபெருக்கியில் ஓடிய அறிவிப்பை அப்படியே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போட, கண்ணாடி துடைக்க என்று வருபவர்களுக்கும் இந்த நிலையத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் குரல் வாடிக்கையாளர்களை எச்சரிக்கிறது. பிறகு தனியே ஒரு பியானோ. முடிந்தது.

பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் அத்தனை பேர் சேர்ந்து எழுப்பிய கொடி ஊர்வலத்துக்குப் பிறகு, கண்ணாடி துடைத்துச் சில்லறை கேட்பவனை விரட்டும் அறிவிப்பை வைத்தால் அது அரசியல் அல்லாமல் என்ன? இந்த வரிசைதான் அவர்கள் எழுதிய வசனம். குழுவும் அதற்கேற்றாற்போல்தான் நடந்துகொள்கிறது. 2002-இல் வந்த ஆல்பத்தின் பின்னட்டையில், பெரிய இசை நிறுவனங்களுக்கும் ஆயுத உற்பத்தியாளர்களுக்கும் உள்ள தொடர்பை வரைபடமாகப் போட்டார்கள். 2013-இல் கனடாவின் போலாரிஸ் விருது கிடைத்தபோது விழாவுக்குப் போகாமல், இந்தச் செலவெல்லாம் எதற்கு என்று ஓர் அறிக்கை விட்டார்கள். பரிசுப் பணத்தில் கியூபெக் சிறைகளில் இருப்பவர்களுக்கு இசைக்கருவிகள் வாங்கித் தருவோம் என்றார்கள்.

ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பாதி உதவியும் ஒரு பாதி ஏமாற்றமும் காத்திருக்கிறது. அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கும் பொறுமை அப்படியே உதவும். ஆனால் ஆலாபனையில் காது தேடுவது அடுத்து எந்தச் சுரம், எந்தப் பிடி என்பதை. இங்கே அதைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, மெட்டு எளிமையிலும் எளிமை. தேட வேண்டியது ஒலியின் கனத்தை: எந்த வாத்தியம் இப்போது சேர்ந்தது, எது காணாமல் போனது, டிரம்ஸ் ஏன் இன்னும் வரவில்லை.

கிளாஸ்கோவும் ரெய்க்யாவிக்கும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1995-இல் தொடங்கிய மொக்வாய், ஸ்லின்டின் அமைதியும் இடியும் என்ற உத்தியைப் பெரிதாக்கியவர்கள். 1997-இல் வந்த முதல் ஆல்பமான 'யங் டீம்'-இல் 'லைக் ஹெராட்' என்ற பாட்டு உண்டு. மெதுவாக, இன்னும் மெதுவாக என்று போய்க்கொண்டிருக்கும்போது முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும். ஹெட்போனில் கேட்பவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது நல்லது. இவர்கள் கச்சேரியின் சத்தம் பிரசித்தம். யூதர்களின் பழைய பிரார்த்தனைப் பாடல் ஒன்றின் மெட்டை எடுத்து 20 நிமிடத்துக்கு நீட்டி வாசித்ததும் இவர்களே. 2006-இல் கால்பந்து வீரர் சிடானைப் பற்றிய ஆவணப்படத்துக்கு இசையமைத்தார்கள். 2021 பிப்ரவரியில் இவர்களின் பத்தாவது ஸ்டுடியோ ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது, இந்த வகை இசையைக் கால் நூற்றாண்டாகக் கேட்டு வந்தவர்களுக்கே நம்பச் சிரமமாக இருந்தது.

சிகுர் ரோஸ் 1999-இல் வெளியிட்ட 'அகைடிஸ் பிர்யுன்' ஆல்பம்தான் அவர்களை ஐஸ்லாந்துக்கு வெளியே கொண்டுவந்தது. யோன்சியின் உச்சஸ்தாயிக் குரல் தெளிவாகவே கேட்கும், ஆனால் 2002-இல் வந்த, அடைப்புக்குறிகளை மட்டும் தலைப்பாகக் கொண்ட ஆல்பத்தில் அவர் எந்த மொழியிலும் பாடவில்லை. பொருளில்லாத அசைகள் மட்டும். பாட்டுகளுக்கும் பெயர் இல்லை. கூட வந்த புத்தகத்தின் பக்கங்கள் வெறுமையாக இருந்தன, கேட்பவர் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம். குரல் இல்லாமல் கேட்கவே முடியாது என்பவர்களுக்கு இந்தக் குழு நல்ல நுழைவாயில்.

சூத்திரம் ஆன கதை

இதுவரை சொன்ன குழுக்களில் எதுவும் இன்னொன்றைப்போல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2003 வாக்கில் நிலைமை மாறியது. டெக்சாஸைச் சேர்ந்த எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, மூன்று கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு, மினுமினுக்கும் டிலே கிடாரில் தொடங்கி வானளாவிய உச்சத்தில் முடியும் நடையைக் கச்சிதமாக்கியது. 2004-இல் டெக்சாஸ் பள்ளி ஒன்றின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பற்றிய 'ஃபிரைடே நைட் லைட்ஸ்' படத்துக்கு இவர்கள் இசை போனது. 2006-இல் பிபிசியின் 'பிளானட் எர்த்' தொடரின் முன்னோட்டங்களில் சிகுர் ரோஸின் 'ஹோப்பிபோல்லா' ஒலித்தது. விளம்பரக்காரர்கள் உஷாரானார்கள். கண்கலங்க வைக்க வேண்டும், ஆனால் வரிகள் வசனத்தோடு மோதக் கூடாது. இதைவிட வசதி வேறென்ன?

அதன்பின் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழுக்கள் அதே ஏணியில் ஏறின: மெதுவான கிடார், நாலாவது நிமிடம் டிரம்ஸ், ஏழாவது நிமிடம் டிரெமலோ மழை, முடிவு. ஒலி படிப்படியாக ஏறுவதை 'கிரெசெண்டோ' என்பார்கள்; ரசிகர்களே கிண்டலாக 'கிரெசெண்டோகோர்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டின் சூத்திரத்திலிருந்து தப்பிக்கப் பிறந்த இசைக்குப் பல்லவி, சரணத்தைவிட இறுக்கமான சூத்திரம் வந்து சேர்ந்தது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் கேட்ட பத்துக் குழுக்கள் உண்மையிலேயே ஒரே மாதிரி இருந்திருக்கலாம். ஏற்றம் ஒன்றும் பாவமில்லை. உச்சி எப்போது வரும் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால்தான் ஏறுவதற்கு அர்த்தமில்லை.

அதே ஏணியை வைத்துக்கொண்டே மரியாதையாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1999-இல் டோக்கியோவில் தொடங்கிய மோனோ, 2009 ஆல்பத்தில் ஆர்க்கெஸ்ட்ராவையே கூட்டி வந்தது. இந்தியாவில் அகமதாபாத்தில் தொடங்கிய ஆஸ்வீகீப்சர்ச்சிங் குழு 2015-இல் 'குவாப்', 2017-இல் 'ஸியா' என்று ஆல்பங்கள் போட்டது. இந்தி வரிகளோடு பாடுவார்கள்.

எதில் தொடங்குவது

வரலாற்று வரிசையில் கேட்க வேண்டாம். முதல் வாரம் சிகுர் ரோஸின் 1999 ஆல்பமோ, எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கையின் 2003 ஆல்பமோ போதும். சூத்திரம் என்று மேலே திட்டியதைக் கண்டுகொள்ள வேண்டாம், சூத்திரத்தை முதல் முறை கேட்கும்போது அது சூத்திரமாகத் தெரியாது. அடுத்து 'ஸ்டார்ம்'. அது பிடித்தால் காட்ஸ்பீடின் 1997 ஆல்பத்துக்குப் போங்கள். இரைச்சல் பிடித்தால் 'யங் டீம்', தாளத்தின் பின்னல் பிடித்தால் டார்ட்டஸ். டாக் டாக்கைக் கடைசியில் வையுங்கள். அவசரத்தில் கேட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் இசை அது.

பஸ்ஸிலும் டிராஃபிக்கிலும் கேட்பது மட்டும் வேண்டாம். மெல்லிய பகுதி இரைச்சலில் மூழ்கிவிடும், நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள், நாலு நிமிடம் கழித்து மொத்தக் குழுவும் அந்த வால்யூமிலேயே காதில் இறங்கும். வீட்டில், உரத்த பகுதி எவ்வளவு சத்தமாக இருந்தால் தாங்கும் என்று முதலில் பார்த்து வால்யூமை வைத்துவிட்டு, பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டுப் பிறகு தொடாமல் இருங்கள். செயலியில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகளுக்கு நடுவே தேவையில்லாத வெட்டு விழும்.